ஸ்கேனுக்கு முன் நாலு மாத்திரை

போன மாதம் முற்றத்தில் வழுக்கி விழுந்ததில் அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. லேசாக விழுந்ததற்கே முறிந்ததால், எலும்பு அடர்த்தியை ஸ்கேன் செய்து பார்க்கச் சொன்னார் டாக்டர்.

அம்மா சம்மதிக்க மூன்று வாரம் ஆனது. "மஸ்கட்டிலேருந்து உன் தம்பி கொடுத்துவிட்ட கால்சியம் மாத்திரை இருக்குல்லா, பின்ன ஸ்கேன் எதுக்கு?"

இன்று லீவு போட்டு, குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனேன்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்து எங்கள் முறை வந்ததும், ஸ்கேன் எடுக்கும் பெண் கேட்டாள்: "அம்மா, இன்னைக்கு கால்சியம் மாத்திரை ஏதும் போட்டியளா?"

"நாலெண்ணம் போட்டேன் மக்கா." அதில் ஒரு பெருமை வேறு. தினமும் ஒன்றுதான் போடுவார்.

"எதுக்கும்மா நாலு?" என்றேன்.

"ரிசல்ட்டு நல்லாட்டு வரட்டும்னுதான்."

முப்பது வருடம் பரீட்சை ஹாலில் பிட் அடித்த பிள்ளைகளைப் பிடித்த கணக்கு டீச்சர் இவர்!

கரையாத மாத்திரை வயிற்றில் கிடந்தால் முதுகெலும்பின் அளவு தப்பாகக் காட்டுமாம். மாத்திரை போடாமல் நாளை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

திரும்பும் பஸ் தக்கலையைத் தாண்டியது. அம்மா மெதுவாகச் சொன்னார்: "பயமாட்டு இருந்து மக்கா. எலும்பெல்லாம் பொடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டா என்ன செய்ய?"

அதை அந்த நாலு மாத்திரைக்கு முன்னால் என்னிடம் சொல்லியிருக்கலாம்.

மாத்திரை டப்பா இப்போது என் ஹேண்ட்பேகில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் டெஸ்டுக்கு இப்படித் தயாராகிப் போனவர்கள் உண்டென்றால் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.