முந்திரிப் பூ சென்ட்

மும்பையில் ஒரு சென்ட் கம்பெனியின் லேபில் நான் வேலை பார்த்த காலம் அது. இதுவரை யாரும் தொடாத ஒரு பூவை நடுவில் வைத்து, விலை உயர்ந்த சென்ட் ஒன்று செய்ய வேண்டும் என்றார்கள். ஆளாளுக்குத் தாமரை, குங்குமப்பூ என்று அடுக்கினார்கள். நான் முந்திரிப் பூ என்றேன். முந்திரி பூக்கும் என்பதே அங்கே பலருக்குப் புதுச் செய்தி.

அதைக் காய்ச்சி எண்ணெய் எடுக்க முடியாது. பூத்த கிளையைக் கண்ணாடிக் குடுவையால் மூடி, உள்ளே நிற்கும் காற்றைச் சிறு பம்பால் இழுத்துக் குழாயில் பிடிக்க வேண்டும். அதில் என்னென்ன இருக்கிறது என்று மெஷின் சொல்லும். அதை வைத்து லேபில் அந்த வாசனையைக் கட்டுவார்கள். முதலில் மூக்கில் ஏற எலுமிச்சை, கடைசிவரை தங்க வெட்டிவேர் என்று முடிவாகிவிட்டது. நடு மட்டும் காலி.

பூவுக்கு எங்கே போவது என்ற கவலை எனக்கில்லை. அப்பா நெய்வேலி மைன்ஸில் பர்மனென்ட். நான் வளர்ந்தது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் என்றாலும், பொங்கல் லீவு முழுக்கப் பக்கத்து ஊரில் மாமாவின் முந்திரித் தோப்பில்தான் கிடப்பேன். அந்தத் தோப்பும் மைன்ஸுக்குப் போகிறது, இந்தப் பூவோடு சரி என்று மாமா போனில் சொன்னார். மைன்ஸ் சம்பளத்தில் படித்தவள் யாரைக் கோபித்துக்கொள்வது? வாசனையையாவது காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன். “பூ கருகாமப் பாத்துக்குங்க மாமா,” என்றேன்.

தை கடைசியில் குடுவையும் பம்புமாகப் போய் இறங்கினேன். தோப்பு முழுக்கப் பூ. ஒரு கொத்தருகே முகத்தைக் கொண்டுபோனதும் பூச்சிமருந்து நெடி தொண்டையில் ஏறியது.

மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தியாம்மா, ஒரு கொத்து கருவல. நீ வரேன்னு நேத்து சாயங்காலம் இன்னொரு வாட்டி மருந்து அடிச்சிட்டு காத்துக்கினு இருக்கேன்.”

மருந்தடிக்காமல் முந்திரிப் பூ நிற்காது என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்குத்தான் தெரியவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது நானேதான். அவரிடம் எந்த வாயால் சொல்வது? குடுவையை மாட்டி, மத்தியானம் வரை பம்பை ஓடவிட்டேன். அவர் நிழலுக்குக்கூடப் போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

மெஷின் மருந்தைத்தான் சொன்னது. மறுபடி போவதற்குள் மரங்களை வெட்டிவிட்டார்கள்.

பிறகு என் ஞாபகத்தை நம்பி வேலை நடந்தது. கொஞ்சம் தேன் தூக்கலாக, கொஞ்சம் பச்சை வாடையாக என்று நான் சொல்லச் சொல்லக் கலந்தார்கள். நாள் முழுக்க முகர்ந்தேன், மாதக்கணக்கில் முகர்ந்தேன். முகர முகரத் தோப்பு என்னைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது கண்ணை மூடினால் சென்ட் பாட்டில்தான் மணக்கிறது. என் கையாலேயே அந்தத் தோப்பு வாசனையை அழித்தேன். இதற்கு ஆறுதல் கிடையாது. சென்ட் நன்றாக விற்றது.

தோப்போடு வீடும் மைன்ஸுக்குப் போக, மாமா மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார். ஒருநாள் போன் செய்தார்.

“அந்த சென்ட்டு நம்ம தோப்பு மாரியே வாசன வருதாம்மா?”

“அப்படியே வருது மாமா.”

“அப்ப எனக்கு ஒண்ணு அனுப்பி வைம்மா. கொஞ்சங் கொஞ்சமா மறந்துகினே வருது.”

சரி என்றேன். அனுப்பினால் அவரிடம் மிச்சமிருப்பதும் போய்விடும். இன்றுவரை அனுப்பவில்லை.