இரண்டு நிமிடத் தண்டனை

ஈரத் தோலும் வியர்வையும் பழைய ரப்பரும் ஒன்றாகப் புளித்த ஒரு நாற்றம், ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டின் பல்கனியில் தொடங்கி, படியெல்லாம் இறங்கித் தெருக்கதவு வரைக்கும் வரும். அது என் அண்ணா சுதனின் ஐஸ் ஹொக்கிப் பை. அம்மா மீன் பொரித்தால் உடனே கதவைத் தட்டி முறையிடும் கீழ்வீட்டு ஜேர்மன் அம்மா அந்தப் பையைப் பற்றி மட்டும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. விளையாட்டுக்காரனின் வியர்வை அவருக்கு நாற்றமாகத் தெரியவில்லைபோலும்.

அண்ணா தடுப்பாட்டக்காரன். அடிக்க வருகிறவனை மறிப்பதும், பறந்துவரும் கறுப்பு ரப்பர் வட்டுக்குக் குறுக்கே விழுவதும்தான் அவன் வேலை. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், அவனுக்குப் பதினெட்டு வயதானபோது, பக்கத்து ஊர்க் கழகம் ஒன்று அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. "அவுஸ்பில்டுங் செய்து ஒரு தொழில் பழகெண்டால், இவர் ஐஸிலை விழுந்தெழும்பப் போறாராம்" என்று அப்பா நெடுநாள் புறுபுறுத்தார். ஒப்பந்தத்தை வாசித்து எல்லோருக்கும் விளங்கப்படுத்தியவள் நான். அம்மா, அப்பா இருவரின் படிப்பையும் ஊரில் போர் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தது, அண்ணாவோ மட்டையைப் பிடித்துக்கொண்டு பள்ளியை விட்டுவிட்டான். பின்னாளில் எங்கள் குடும்பத்தில் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆளும் நான்தான், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. ஆட்டத்தின் விதிகளையும் நான்தான் ஒன்றுவிடாமல் படித்து வைத்திருந்தேன். சம்பளத்துக்கு அவன் ஆடப்போகும் முதல் ஆட்டத்தைக் கண்ணாடித் தடுப்போடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கவேண்டும் என்று அந்தக் கோடை முழுக்கத் தவித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் நடக்கவிருந்த அதே கிழமையில், இலையுதிர்கால விடுமுறையில், நான் "பெரிசாகிவிட்டேன்".

தண்ணீர் வார்க்கும் சடங்கு நாள் வரைக்கும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்றார் அம்மா. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுத்தங்களி. தலைமாட்டில் இரும்பு இருக்கவேண்டுமாம். தேடிய அவசரத்தில் அவருக்கு அகப்பட்டது அண்ணாவின் பழைய சறுக்குச் சப்பாத்து. "அடியிலை இரும்புதானே, காணும்" என்று அதைக் கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் காலில் மாட்டுவதும் கழற்றுவதும், யன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடப்பதும், படுப்பதும் எழும்புவதும், கட்டிலோரம் உட்கார்ந்து முழங்காலை ஆட்டுவதுமாக இருந்தேன். கெஞ்சியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ஞாயிறு பின்னேரம் அப்பா என்னை விட்டுவிட்டுத் தனியாகத்தான் போனார். கைத்தொலைபேசியில் எடுத்துச் சொல்கிறேன் என்ற வாக்கு மட்டும் எனக்குக் கிடைத்தது.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, அண்ணாவைப் பிடிச்சு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ளை அடைச்சுப்போட்டாங்கள்! சனமெல்லாம் கத்துது. பொலிஸ் வருமோ?"

"ஐயோ அப்பா, அது தண்டனைப் பெட்டி. ஆரையோ மட்டையாலை விழுத்தியிருப்பான். ரெண்டு நிமிசத்திலை விட்டிடுவாங்கள்."

"விழுத்தினவன்தான். நானும் கண்டனான்." பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்: "ஆளை விழுத்தினவனுக்கு ரெண்டு நிமிசம். நீ என்ன பிள்ளை செய்தனீ?"

அரை மணி நேரத்துக்குள் அவருடைய கார் வாசலில் நின்றது.

"தண்ணி வாக்காத பிள்ளையை வெளியிலை கொண்டுபோறியளோ? சனம் என்ன சொல்லும்?" என்று அம்மா கதவை மறித்தார். நல்ல தடுப்பாட்டம்தான்.

"எங்கடை சனம் ஐஸ் ஹொக்கி பாக்க வராது. விலகும்."

அம்மா விலகினார். ஆனால் நான் படியிறங்குவதற்குள் ஓடிவந்து, "இரும்பையாவது கொண்டு போ" என்று அந்தச் சப்பாத்தை என் கையில் திணித்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பகுதி நடந்துகொண்டிருந்தது. அண்ணா மறுபடியும் பெட்டிக்குள் இருந்தான். கண் மணிக்கூட்டில், முழங்கால் ஓயாமல் ஆடியபடி. திரும்பியவன், தன் பழைய சப்பாத்தை அணைத்துக்கொண்டு நின்ற என்னைக் கண்டு சிரித்து, மட்டையால் கண்ணாடியில் தட்டினான். கதவு திறந்ததும் அவன் பாய்ந்த பாய்ச்சலில் ஐஸ்தூள் என் முகத்துக்கு நேரே கண்ணாடியில் தெறித்தது. அவர்கள் தோற்றார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை.

அண்ணா சில பருவங்கள் ஆடினான். தோள்மூட்டு இரண்டாம் முறை விலகியதோடு மட்டையை வைத்துவிட்டு, அப்பா சொன்ன அவுஸ்பில்டுங்கைப் பிந்திச் செய்து, இப்போது வீடுகளுக்கு வெப்பமூட்டிகள் பூட்டும் தொழில் செய்கிறான். அந்த அரங்கை இடித்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டி இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. பையும் இல்லை, அதன் நாற்றமும் இல்லை. என் முழங்கால் மட்டும், யாராவது என்னைக் காத்திருக்கச் சொன்னால், இன்னமும் ஆடத் தொடங்கிவிடுகிறது.

போன மாதம் அண்ணாவின் மகள் பெரியவளானாள். செய்தி கேட்டு ஓடிவந்த அம்மா, "எத்தினை நாளைக்கு உள்ளை வைக்கப்போறியள்?" என்றார்.

அண்ணா தேநீர்க் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ரெண்டு நிமிசம்."

அம்மா அவனை முறைத்தார். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.