ஏழாம் நம்பர் சத்தம்

1. தொழில் தொடங்கிய விதம்

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் அசிஸ்டென்டாக இருந்த காலம் முழுவதும் நான் எதையும் ரிப்பேர் செய்ததில்லை. மாணவர்கள் கெடுப்பார்கள்; நான் சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்குவேன். ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் ஒரு கச்சேரிக் குழு தூக்கிப் போட இருந்த பழைய சிந்தசைசரை வாங்கி வந்தேன். பார்க்க கீபோர்டு மாதிரிதான் இருக்கும்; ஆனால் குமிழ்களைத் திருகி நமக்கு வேண்டிய சத்தத்தை நாமே உண்டாக்கலாம். தருமபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு வயர் விட்டுப்போயிருந்தது. பற்றவைத்தேன், பாடியது. அதற்குள் ஊரில் நான் நிபுணராகிவிட்டேன். மறுக்க மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "இனிமே சோத்த எங்க வச்சுத் திங்கிறது?" என்று கேட்டார்.

2. பாச்சை உருண்டை

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது. பிரான்சில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, எப்போதாவது வந்து பூட்டிய வீட்டைத் திறப்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அந்தப் பெண்களை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அப்படி வந்த ஒரு மதாம், ஆட்டோவில் ஒரு சிந்தசைசரை ஏற்றிக்கொண்டு வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய அவருடைய கணவர் வாசித்தது. அவர் போன வருஷம் இறந்துவிட்டார். பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தனாரும் கூட வந்திருந்தார்.

பெட்டியைத் திறந்ததும் எனக்குக் கண் எரிந்தது.

"ஒரு கரப்பான் உள்ள போவல டீச்சரம்மா. சந்து சந்தா பாச்சை உருண்டை வச்சிருந்தேன்," என்றார் கொழுந்தனார் பெருமையாக. நான் டீச்சர் இல்லை. அதையும் மறுக்கவில்லை.

கரப்பான் போகவில்லை என்பது உண்மைதான். விரலும் போகாது. உருண்டையின் ஆவியில் பிளாஸ்டிக் இளகி, விரல் வைத்து வாசிக்கும் கட்டைகள் ஒன்றோடொன்று அல்வாவாக ஒட்டியிருந்தன. பட்டுப் புடவைக்குச் செய்யும் மரியாதையை மனுஷர் மிஷினுக்கும் செய்திருக்கிறார்.

"எல்லாக் கட்டையும் வேணாம்மா," என்றார் மதாம். "ஞாயித்துக்கிழம அவருக்கு வருஷப் பூசை. அன்னிக்கு வீட்ல இத ஒரு தடவ கேக்கணும். அப்பறம் நான் கெளம்பிடுவேன். திரும்பி வருவனான்னு தெரியல."

3. பேட்டரி

இணைய வீடியோக்களில் எல்லா நிபுணர்களும் ஒரே குரலில் சொல்வது, பழைய மிஷின் வந்தால் முதலில் உள்ளே பற்றவைத்திருக்கும் பேட்டரியை மாற்று என்பதுதான். கட்டைகளைப் பிரித்துத் துடைத்து, தேறியவற்றை மாட்டிவிட்டு, நானும் சால்டரிங் அயர்னைச் சூடேற்றினேன். எதிரே மதாம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏழாம் நம்பர அமுக்குனா அவரு பண்ண சத்தம் வரும். அவரே திருகித் திருகிப் பண்ணுனது. வேற எங்கயும் அது கெடையாது."

அயர்னைக் கீழே வைத்தேன். அந்தச் சத்தம் மெமரியில் நிற்பதே பேட்டரியின் தயவில்தான். கழற்றியிருந்தால் அந்த நொடியே போயிருக்கும். கழற்றாமல் விட்டாலும் தாங்காது; மீட்டரில் பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மதாம். அயர்ன் சூடு பத்தல."

வழி மிஷினின் முதுகிலேயே இருந்தது. மெமரியில் உள்ளதைக் கேசட்டில் பதிந்து, திரும்ப ஏற்றிக்கொள்ள ஒரு சாக்கெட். கேசட்டுக்குப் பதில் செல்போனில் பதிந்து சரிபார்த்தேன், மிஷின் 'எரர்' என்றது. போன் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டி, பதிந்ததில் பாதியை இரைச்சல் என்று சுத்தம் செய்திருந்தது. கடைசியில் கொழுந்தனார் தன் வீட்டு டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்தார். தினமும் பாட்டுக் கேட்கிறவர் என்பதால், அதற்குள் உருண்டை போட அவருக்கு இன்னும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. பதிந்தது. சரிபார்த்தேன், எரர் இல்லை. பேட்டரியை மாற்றிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக் கேசட்டை ஓட்டினேன்.

4. ஏழு

மதாம் பக்கத்தில் நிற்க, ஏழாம் நம்பரை அமுக்கி ஒரு கட்டையைத் தொட்டேன். தொண்டை கட்டிய ஆடு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. போதாததற்குச் சுருதி பாதியில் வழுக்கிக் கீழே போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் பூசை.

"மன்னிச்சுக்குங்க மதாம். எங்கயோ கோளாறு. உள்ள டியூனிங் ஸ்க்ரூ இருக்கு, திருப்பிப் பாக்குறேன்," என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. இதேதான். நாதஸ்வரம்னு சொல்லிட்டு இதத்தான் வாசிப்பாரு. நானும் புள்ளைங்களும் காதப் பொத்திக்கிட்டு ஓடுவோம். ஒரு நாள்கூட முழுசா உக்காந்து கேட்டதில்ல."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவ அமுக்குங்க," என்றார். அவருக்குப் போட்டு வைத்த காப்பி ஆறும்வரை அமுக்கினேன்.

இப்போதெல்லாம் யார் மிஷினோடு வந்தாலும், மூடியைத் திறப்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: "இது நல்லா இருந்தப்ப எப்படிங்க இருந்துச்சு?"