ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்க, ஐயா

இங்கே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கைபேசி அடித்தால் மனிதர்கள் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். என் அலுவலகத் தோழி, பல் மருத்துவரிடம் நேரம் கேட்பதற்குக்கூட மழையில் போய் நிற்கிறாள். அரியலூர் மாவட்டம் வரதராசன்பேட்டையில் எங்கள் வீட்டில் எந்த அழைப்பும் ஸ்பீக்கரில்தான். எனக்கு முதல் வேலை கிடைத்த செய்தி வந்தபோது, நான் வாய் திறப்பதற்குள் அப்பா நன்றி சொல்லி, சேரும் தேதியையும் முடிவுசெய்துவிட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, தம்பி மனைவி செல்வி அழைத்தாள். அதிசயமாக ஸ்பீக்கர் இல்லை, கிசுகிசுத்தாள். "அண்ணி, இவரு மூணு வாரமாத் தூங்கல. இன்னிக்கி, நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதின்னு சொல்லிட்டாரு." பெரம்பலூரில் பார்த்துவந்த வேலை போனதிலிருந்து தம்பி லூர்து பேச்சைக் குறைத்திருந்தான். அலுப்பு என்று நான் நினைத்திருந்தேன்.

நம் ஊர் மனநல உதவி எண்ணை இங்கிருந்து அழைத்தேன், இணைப்பு கிடைக்கவில்லை. பதற்றத்தில் இங்குள்ள எண்ணை அழைத்தேன். தம்பி எங்கே இருக்கிறார் என்று கேட்டாள் எடுத்த பெண். அரியலூர் என்றேன். அது லண்டனுக்குத் தெற்கா என்றாள். கொஞ்சம் தெற்கு என்றேன். விஷயம் புரிந்ததும் அவள் தெளிவாகச் சொன்னாள்: அவரை விட்டு நகராதீர்கள், சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள், அங்குள்ள எண்ணை இப்போதே அழைக்கச் சொல்லுங்கள்.

செல்வி தன் கைபேசியில் என்னை வீடியோவில் வைத்துக்கொண்டு, அப்பாவின் கைபேசியிலிருந்து நம் ஊர் உதவி எண்ணை அழைத்தாள். அதை அப்பா வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எந்தக் கேள்வி வந்தாலும் பதில் அவருடையது.

"லூர்து சார் சாப்புடுறாருங்களா?" என்றது ஓர் இளம் பெண்குரல்.

"ரெண்டு இட்லி" என்றாள் செல்வி.

"ஒண்ணரை" என்று திருத்தினார் அப்பா.

"செத்துப்போயிடலாம்னு எண்ணம் வருதுங்களா சார்?"

"எங்க குடும்பத்துல அப்படில்லாம் யாரும் இல்லம்மா."

லூர்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, நான் உங்களக் கேக்கல. ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டு அவருகிட்ட குடுங்க."

"ஆஃப் பண்ணிட்டா எங்களுக்கு ஒண்ணும் கேக்காதேம்மா!"

"அதுக்குத்தாங்க ஐயா."

எங்கள் வீட்டு வரலாற்றில் அப்படி ஓர் உத்தரவு வந்ததில்லை. அப்பா கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் லூர்துவே கை நீட்டி வாங்கினான்.

"உள்ள போயிப் பேசுங்க சார். கதவ ஒருக்களிச்சு வையுங்க, தாழ்ப்பா போடாதீங்க. வூட்ல உள்ளவங்க வாசல்லயே இருங்க" என்றது குரல். அவன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எழுந்து அறைக்குள் போனான்.

இருபது நிமிடம் மூவரும் அந்தப் பச்சைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா என் பக்கம் குனிந்து, "ஒனக்கு எதாச்சும் கேக்குதா?" என்றார், கதவுக்கு நான்தான் பக்கத்தில் இருப்பதுபோல. பிறகு கேட்டது. முதலில் பேச்சு, அப்புறம் அழுகை. லூர்து அழுது சிறுவயதுக்குப் பின் நாங்கள் கேட்டதில்லை. அப்பா எழுந்துவிட்டார். செல்வி கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க மாமா. இப்பத்தான் பேசுறாரு."

அப்போதுதான் கவனித்தேன், நானும் எழுந்திருந்தேன். லீட்ஸ் சமையலறையில் கையை நீட்டியபடி, வரதராசன்பேட்டைக் கதவைத் தள்ளாமல் நின்றுகொண்டிருந்தேன்.