காதர் மாஸ்டர் கேட்ட கங்கு

பாண்டியில் எங்கள் கம்பெனியின் விறகு கேஸ் அடுப்பை முதலில் வாங்கியவர் சலீம் பாய். முல்லா வீதியில் பிரியாணி காண்டிராக்ட் எடுப்பவர். சுற்றுச்சூழல் அக்கறையில் வாங்கவில்லை. இரண்டாயிரத்து எட்டில் கச்சா எண்ணெய் விலை ஏற ஏற, கமர்ஷியல் சிலிண்டரும் ஏறியது. கல்யாணத்துக்கு ரேட் பேசும்போது ஒரு விலை, சமைக்கிற நாளில் வேறு விலை. அதனால் வாங்கினார். அந்த வருஷம் மாற்று எரிசக்திக்கு வந்த எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள். மேடையில் மட்டும் பூமியைக் காப்பாற்றுவதாகப் பேசினார்கள். கேட்டால் எரிச்சல் வரும்.

சவுக்குக் கட்டையைத் துண்டு போட்டு அடுப்பின் உருளையில் நிரப்பி, ப்ளோயரால் அடியில் காற்றுக் கொடுத்தால், கட்டையின் புகையே கேஸாக மேலே எரியும். நான் அதைப் பொருத்தும் ஃபிட்டர். சென்னையில் இருந்த மேனேஜர் முன்பே சொல்லிவிட்டார்: பாய் வாங்கிய மூன்று அடுப்பும் திரும்பி வந்தால் நீ வேறு வேலை பார்த்துக்கொள்.

முதல் ஆர்டர் ரெட்டியார்பாளையத்தில் ஒரு கல்யாண விருந்து. மதியப் பந்தி. காலையில் பாயின் கொட்டகையில் சமையல் நடந்தது. கறி வெந்தது, அரிசி முக்கால் பதம் வந்தது, பெரிய தேக்சாக்களில் கலந்தாயிற்று. சமையல்காரர் காதர் மாஸ்டர் கரண்டியை நீட்டினார்.

“கங்கு எங்க தம்பி?”

தம் போட மூடி மேல் கங்கு கொட்ட வேண்டும். பிரியாணி தின்கிற எவனுக்கும் தெரியும். அடுப்புச் செய்த எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. கரி மிஞ்சாது, எல்லாம் சாம்பல் என்று நோட்டீஸில் பெருமையாக வேறு போட்டிருந்தோம். சிலிண்டர் இருந்த காலத்திலும் மூலையில் ஒரு விறகடுப்பு கங்குக்காகவே எரிந்ததாம். புது அடுப்புக்கு இடம் வேண்டுமென்று பாய் அதை இடித்துவிட்டார்.

மூடி மேல் வெந்நீர் அண்டா வைக்கலாமே என்றேன்.

“வெச்சிக்க. பொண்ணு வூட்டுக்காரங்க கேட்டா நீயே போய்ச் சொல்லு, இது பிரியாணி இல்ல, கறிச்சோறுன்னு,” என்றார் மாஸ்டர்.

சலீம் பாய் அதற்குமேல் போனார். “இத்தத் தூக்கிட்டுப் போயிடுப்பா. நான் சிலிண்டரையே கட்டி அழுவுறேன்.”

எனக்குப் பாய் மேல் கோபம், மேனேஜர் மேல் கோபம், அடுப்பு மேலும் கோபம். கறி வெந்த அடுப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுவாலை இறங்கிவிட்டது. கட்டை கரியாகிவிட்டது என்று அர்த்தம். சாம்பலாகும் வரை ப்ளோயரை நிறுத்தக் கூடாது, அதற்கு முன்னால் அடிக்கதவைத் திறந்தால் கியாரண்டி போச்சு என்பது கம்பெனி உத்தரவு. நிறுத்தினேன். கதவைத் திறந்து கம்பியால் இழுத்தேன். செக்கச்செவேல் என்று கங்கு கொட்டியது. துளிப் புகை இல்லை.

மாஸ்டர் அள்ளி மூடி மேல் பரப்பினார். மற்ற தேக்சாக்களுக்கும் போதுமா என்று பார்த்தார். போதும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கதவு இருக்குதுல்ல? அழகுக்கா வெச்சீங்க?”

பந்தி நேரத்துக்குப் பிரியாணி போய்ச் சேர்ந்தது. நானும் நன்றாகச் சாப்பிட்டேன். கதவைத் திறந்த விஷயம் தெரிந்து மேனேஜர் போனில் கத்தினார், கத்தட்டும் என்று விட்டேன். அடுத்த நோட்டீஸில் ‘தம் போடக் கங்கு எடுக்கும் வசதி’ என்று தானே கண்டுபிடித்ததுபோல் அச்சடித்துவிட்டார். அதுவும் போகட்டும்.

வருஷக் கடைசியில் எண்ணெய் விலை தடாலென்று விழுந்தது. எங்களிடம் வாங்கிய பல ஓட்டல்கள் அடுப்பை மொட்டை மாடியில் போட்டுவிட்டு சிலிண்டருக்குத் திரும்பின. சலீம் பாயும் திரும்பலாமா என்று ஆரம்பித்தார்.

“சிலிண்டர்ல கங்கு வருமா பாய்? இடிச்ச விறகடுப்ப மறுபடி கட்டுவீங்களா?” என்றார் மாஸ்டர். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. பாயைப் பார்த்து மற்ற பிரியாணிக்காரர்களும் வாங்கினார்கள். நான் ஓய்வு பெறும் வரை அந்த அடுப்புதான் எனக்குச் சோறு போட்டது. குறையொன்றும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எண்ணெய் விலை ஏறினால் உங்கள் சரக்கு விற்கும், இறங்கினால் மொட்டை மாடிக்குப் போகும். அங்கே போகாமல் இருக்க வேண்டுமானால், வாங்குகிறவன் எப்படி வேலை செய்கிறான் என்று விற்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அவன் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆபீசில் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதாதீர்கள்.