ஒரே தண்ணீர் பார்த்த டோப்பா

ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன் என்று ஏழு வயதில் நான் முழுசாக நம்பியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக உட்காராத எனக்கு, வாழ்க்கையில் செய்து முடித்ததாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. ஆள் வேறு யாருமில்லை, அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா.

மாமா பகலில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்காரர். சாயங்காலமானால் வெள்ளைக்காரர். எங்கோ சீமையில் தலைமயிர் தோளில் புரளப் பாடிய நாலு பேரின் இசைத்தட்டு ஒன்று அவரிடம் சிக்கியிருந்தது. அது தேயும்வரை கேட்டு, அவரும் மூன்று தோஸ்துகளும் அப்படியே வாசிக்கப் பழகினார்கள். கிடாரில் அந்தக் கரகரப்பு வரவில்லை என்று நல்ல ஸ்பீக்கரின் காகிதத்தைப் பிளேடால் கீறினார்கள், வந்துவிட்டது. பாட்டுக்கு அர்த்தம் தெரியாது, அதனால் தப்பும் தெரியாது. ஒன்று மட்டும் வரவேயில்லை: பாட்டு நடுவில் அந்த வெள்ளைக்காரன் உயிர் போகிற மாதிரி போடும் கத்தல். மாமா கத்தினால் பால்காரரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

ஆடித் திருவிழாவில் மேடை கிடைத்தது. நீள முடிக்கு எங்கே போவது? ஷாப்பில் தோலிலிருந்து வழித்துப் போட்ட ஆட்டு மயிரை ஒரு கோணி நிறையக் கொண்டுவந்தார். துணித் தொப்பியில் ஒட்டினால் டோப்பா. அலசும் பொறுப்பு எனக்கு.

"மூணு தண்ணி அலசணும் பாப்பா. சுண்ணாம்பு நின்னுச்சின்னா கண்ணே பூடும், இன்னா?"

பம்புசெட்டில் ஒரு தண்ணீர் அலசினேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. மிச்ச இரண்டு தண்ணீரில் நான் குளித்துவிட்டு வந்து, மூன்று என்று சொல்லிவிட்டேன்.

டியூப்லைட் வெளிச்சத்தில் நாலு கறுப்பு ஆடுகள் நின்று வாசித்தன. முன்னால் நின்று குதித்துப் பாடிய மாமாவுக்குத்தான் முதல் பாட்டிலேயே வியர்த்தது. இரண்டாவதில் கழுத்தைச் சொறிந்தார். அப்புறம் தலையை இப்படியும் அப்படியும் உதறினார். நெற்றியில் பசை போட்டு ஒட்டிய டோப்பா விடவில்லை. பிறகு கத்தினார். சாட்சாத் சீமைக் கத்தல்.

"இன்னாமா கத்துறான்யா," என்று பின்னால் ஒருவர் விசிலடித்தார்.

"இன்னாடி, பேய் அறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அம்மா. மாமாவுக்கு எரிகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அந்த மூன்று தண்ணீர் கதையும் கூடவே வெளியே வந்துவிடும். மூடிக்கொண்டேன்.

அதற்குள் கிழவிகள், "ஆத்தா வந்துட்டா" என்று மேடையேறிக் குடத்து மஞ்சள் தண்ணீரை மாமா தலையில் கவிழ்த்தார்கள். நெற்றியிலிருந்து சிவப்பாக வழிந்தது. மூக்கில், மோவாயில், வெள்ளைச் சட்டையில். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது, பத்துக் கல்யாணத்தில் ஆலம் சுற்றுவதைப் பார்த்த எனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு எனக்கு அது ரத்தம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் அம்மா புடவைக்குள் முகத்தைப் புதைத்து, போலீஸ் முதலில் பம்புசெட்டுக்குப் போகுமா, வீட்டுக்கு வருமா என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

மாமா சாகவில்லை. கழுத்தெல்லாம் கொப்பளம், அவ்வளவுதான். மூன்று நாள் நான் கதவுக்குப் பின்னாலேயே குடியிருந்தேன். நாலாம் நாள் கூப்பிட்டார். காலடியில் இன்னொரு கோணி.

"குடியாத்தத்துல கூப்ட்டுக்கிறாங்க பாப்பா. இத அலசிக்கினு வா."

"சத்தியமா மூணு தண்ணி அலசறேன் மாமா," என்று அழுதேன்.

கொப்பளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "ஒண்ணு போதும்," என்றார்.

போலீசில் பிடித்துக்கொடுக்கத்தான் இப்படி ஆழம் பார்க்கிறார் என்று நினைத்தேன். பயத்தில் ஆறு தண்ணீர் அலசினேன். குடியாத்தம் மேடையில் மாமா மறுபடியும் பால்காரரைத்தான் கூப்பிட்டார். கூட்டம் பாதியில் எழுந்து போனது. திரும்பி வந்து ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறேன், இவருக்கு ஏன் இத்தனை கோபம் என்று எனக்குப் புரியவேயில்லை.