கதவோடு நின்ற வீடு

கம்ப்யூட்டர் வாங்கியதில் என்னை யாரும் ஏமாற்றவில்லை, நானேதான் ஏமாந்தேன். கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து போவதுபோல் அனிமேஷன் செய்துதரும் வேலையை அப்போதுதான் முத்தியால்பேட்டையில் தொடங்கியிருந்தேன்.

"டேய், படத்த ரெண்டர் பண்ணி உருவாக்கறது ப்ராசசர்டா. ரேமக் கூட்டு. அந்த கிராஃபிக்ஸ் கார்ட வெச்சிக்கினு கேம்தான் ஆடுவ" என்று நண்பன் குமார் கிண்டலடித்தான். நான் கேட்கவில்லை. விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டுதான் வேண்டும் என்று வாங்கினேன், ரேமைக் குறைத்துவிட்டு.

முதல் வாடிக்கையாளர், எங்கள் ஊர்க்காரர் பலரைப்போல் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "திங்கக்கெழம நெஞ்சுல ஆபரேஷன் தம்பி. அதுக்குள்ள என் வூட்ட ஒரு தபா சுத்திப் பாத்துடணும்" என்றார்.

தெருவிலிருந்து வாசற்கதவு வரை படம் தயாராகிவிட்டது. கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் ரேம் போதாமல் கம்ப்யூட்டர் நின்றுபோனது. ஞாயிறன்று வந்தவர் திரையில் மூடிக் கிடந்த கதவையே வெகுநேரம் பார்த்தார். "பரவால்ல, மீதிய வந்து பாக்கறேன்" என்றார். ஆபரேஷனிலிருந்து அவர் மீளவில்லை.

பிறகு ரேம் சேர்த்தேன். ஒரே நாளில் படம் முடிந்தது. அதைப் பார்க்க வந்த அவர் மனைவி, கூடத்தைக் கண்டதும் கேட்டார்: "அவரு இத முழுசா பாத்தாராப்பா?"

"பாத்தாரும்மா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவுக்காகப் பொய் சொன்னேனா, என் தப்பை மறைக்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.